சீர்த்தட்டில் வைக்கக்கூடாத புத்தகம்

அன்புள்ள கண்ணு,

நானும் உன் அம்மாவும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த மட்டுக்கும் அது உண்மை. மற்றதை எழுத இன்லண்ட் லெட்டரில் இடம் போதாது. அதன் ஓரத்தை விலக்கிவிட்டு எட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் வெள்ளைத் தாளில் எழுதி, கவரில் போட்டு, ரிஜிஸ்டர் செய்து அனுப்புகிறேன். இருபது மைல் தூரத்தில் செங்கல்பட்டு ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கு, மாதம் ஒரு முறை பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிற பெண்ணுக்கு, அப்பன் எதற்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்புகிறான் என்று நீ பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். மதியம் தபால் பை போன பிறகு ஆபீஸில் ஈ ஓட்டுகிற நேரத்தில், மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமனார் கருங்குழியிலிருந்து வந்திருந்தார். பத்திரிகை அடிக்கிற விஷயம் பேச வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். மாப்பிள்ளைப் பையனும் கூட வந்தான். பத்திரிகைப் பேச்சு பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டே, "இன்னா சம்பந்தி, பொண்ணு வேலைக்குப் போயி அஞ்சு வருசம் ஆவுதே, சம்பளத்தையெல்லாம் இன்னா பண்ணுது?" என்றார். "நம்ம ஆபீஸ்லதான் போட்டுகினு வருது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம பக்கத்துல கேக்குறாங்கோ, போஸ்ட் மாஸ்டரு வூட்ல இன்னா பெர்சா செய்யப்போறாங்கோன்னு" என்று சொல்லி அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவருக்கு அரிசி மில் இருக்கிறது. எனக்கு வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு இரும்புப் பெட்டி, பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. நானும் ஒன்றும் இல்லாதவன் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. உன் கணக்கில் இருக்கிற தொகையைச் சொல்லிவிட்டேன். ரூபாயோடு நிற்கவில்லை கண்ணு, பைசாவையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "தங்கமான பொண்ணு" என்றார். "அப்ப ஒண்ணு செய்யலாம் சம்பந்தி. அந்த பாஸ்புக்க சீர்த்தட்டுலயே வெச்சிக் குடுத்துடுங்க. மஞ்ச குங்குமம் வெச்சா அதுவும் லட்சுமிதானே? அப்பால பையன் பேரையும் சேத்து எழுதிக்கினா முடிஞ்சிது." நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. கோயில் மாடு மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன். அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது உன் அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இவளுதையும் சொல்லிட்டீங்களா?" என்றாள். அந்த ஒரு கேள்விதான். அதன் பிறகு உப்பு, புளி தவிர வேறு பேச்சு இல்லை.

'இவளுதையும்' என்றாளே, அந்த 'உம்' உனக்குப் புரியாது. அது புரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

ஆபீஸ் ரகசியத்தைக் காப்பாற்றுவதில் உன் அப்பன் பெரிய புலி என்று ஊரில் பெயர். அஞ்சலையை உனக்கு நினைவிருக்கும். குப்பத்திலிருந்து கூடையில் மீன் எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் சந்தைக்குப் போவாளே, அவள்தான். அணுமின் நிலைய வேலை தொடங்கி வெளியூர் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிய பிறகு அவளுக்கு நல்ல வியாபாரம். குடிசையில் எங்கே ஒளித்தாலும் புருஷன் கையில் அகப்பட்டுவிடுகிறது என்று என்னிடம் கணக்கு ஆரம்பித்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பணம் எடுக்கும்போது கைநாட்டு வைக்க வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் புருஷனையோ மகனையோ சாட்சிக்குக் கூட்டி வருவார்கள். அதோடு ரகசியம் போச்சு. அஞ்சலை அப்படிச் செய்யவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்த இன்னொரு மீன்காரியைக் கூட்டி வந்தாள். பாஸ்புக்கையும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டாள், "உன் பொட்டியிலயே கெடக்கட்டும் சார்" என்பாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பெண்கள் அப்படியே செய்தார்கள். அது விதிக்கு ஒத்து வராத காரியம்தான். இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் புருஷன் வந்து மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னா சார், எங்க வூட்டு பொம்பள உன்னாண்ட துட்டு போட்டு வெச்சிக்கினு கீதாமே, எம்மாம் கீது?" என்று கேட்டான். "அப்படி யாரும் எனக்குத் தெரியாது, தபால் இருந்தா சொல்லு, இல்லன்னா எடத்த காலி பண்ணு" என்றேன். அவன் கத்தினான், நான் அசையவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது இதை நான் பெருமையாகச் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். உன் அம்மா அன்று எனக்கு ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தாள். அப்போது அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது, அது எனக்குத் தெரியாது என்பதை இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

நீ ஒன்பதாவது சேர்ந்த வருஷத்திலிருந்து அவள் மாதம் ஒரு முறை திருக்கழுக்குன்றம் போய் வருவாள். மலை ஏறி, மதியம் கழுகு வருகிறதைப் பார்த்துவிட்டு, பிரசாதத்தோடு சாயந்திரம் திரும்புவாள். "கழுகு வந்துதா?" என்று நான் கேட்பேன். "வந்துது" என்பாள். அவள் மலை ஏறியது பொய்யில்லை. ஆனால் திரும்பும் வழியில் ஒரு ஊரில் இறங்கி, அங்கே இருந்த தபால் ஆபீஸில், ஆடு கோழி விற்றது, முட்டை விற்றது, நான் வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் மிச்சம் பிடித்தது எல்லாவற்றையும் போட்டு வந்திருக்கிறாள். புருஷனே போஸ்ட் மாஸ்டராக இருக்கும்போது பஸ் ஏறி வேறு ஆபீஸ் தேடிப் போனாள் என்றால் என்னைப் பற்றி அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது பார்.

அந்த ஊர் எது என்று எழுத மாட்டேன். அங்கே இருந்த கிளார்க் இன்னும் வேலையில் இருக்கிறார். ஒரு மீட்டிங்கில் அவரைப் பார்த்தபோது, "உங்க வூட்டம்மா மாசா மாசம் தவறாம வந்துடுறாங்க சார்" என்றார் சிரித்துக்கொண்டு. எனக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருந்தார். நானும் தெரிந்தவன் மாதிரியே சிரித்து, "இப்ப எவ்ளோ கீது?" என்று கேட்டேன். தபால்காரனுக்குத் தபால்காரன் சொல்வதில் என்ன தப்பு என்று எங்களுக்குள் ஒரு பழக்கம். அவர் சொல்லிவிட்டார். அஞ்சலை புருஷன் என்னைக் கேட்டதும், நான் அவரைக் கேட்டதும் ஒரே கேள்விதான். எனக்கு பதில் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை, அதுதான் வித்தியாசம். அந்தத் தொகையையும் உனக்கு எழுத மாட்டேன். சொல்லிச் சொல்லித்தான் நாசமாக்கினேன், இனி எழுதியும் தீர வேண்டுமா?

வீட்டுக்கு வந்து அவளிடம் நேராகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்கவில்லை. மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் என்னை நம்பிப் பாஸ்புக்கைக் கொடுக்கிறது, கட்டிய பெண்டாட்டி நம்பவில்லையே என்று ரோஷம். அடுத்த மாதம் உன் பாட்டனார் திவசம் வந்தது. உன் சித்தப்பா இலையில் உட்கார்ந்துகொண்டு, கட்டிட வேலைக்கு மணலும் ஜல்லியும் அடிக்க ஒரு பழைய லாரியில் பங்கு கிடைக்கிறது, முன்பணத்துக்குத்தான் வழியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தான். "எங்கிட்ட இன்னாடா கீது? உங்க அண்ணியக் கேளு. அவதான் பேங்க் வெச்சிக்கினு கீறா" என்றேன். எவ்வளவு என்பதையும் சொன்னேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மா பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது, பிறகு அடுத்த இலைக்குப் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் சரி, கெட்டது அவள்.

அடுத்த நாள் காலையில் உன் சித்தப்பா வந்து நின்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, காதில் விழுந்த பிறகு கேட்காமல் இருக்க அவன் என்ன சாமியாரா? இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. பத்துப் பேர் எதிரில் தொகை சொல்லியாகிவிட்டது. நான்தான் பணம் எடுக்கிற படிவத்தை எடுத்து வந்து நீட்டினேன். "எதுக்காக இப்படி எனக்குத் தெரியாம சேத்த?" என்று அப்போதுதான் கேட்டேன். "எதுக்குன்னு சொன்னாத்தான் எனுதா?" என்று சொல்லிவிட்டு, தொகை எழுதாத படிவத்தில் அவள் பெயரை எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதிக் கொடுத்தாள். தொகையை நான் நிரப்பினேன். முழுவதையும். லாரி ஒன்றரை வருஷம் ஓடியது, பிறகு தவணை பாக்கிக்காகக் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நீ பள்ளிக்கூடம் முடித்த வருஷம் ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாயே, உனக்கு இடம் வந்திருந்தது. சேருவதற்கும் ஹாஸ்டலுக்கும் பணம் கட்டச் சொல்லி வந்த கடிதத்தை முதலில் பிரித்தவன் நான். தபால் என் கையில்தானே வரும்? என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. அதை உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் படித்துப் பார்த்தாள், தொகையின் மேல் விரலை வைத்தாள், மடித்துக் கொடுத்தாள். அவள் சேர்த்தது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னிடம் இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நீ இரண்டு நாள் அழுதாய். பிறகு டைப்ரைட்டிங் படித்து நீயாகவே ஒரு வேலை தேடிக்கொண்டாய். நீ வாத்தியாரம்மா ஆகாததற்கு மார்க் காரணமில்லை கண்ணு. பந்தியில் உட்கார்ந்து நான் அடித்த நக்கல்தான் காரணம். உன் அம்மா இத்தனை வருஷமாக இதை உன்னிடம் சொல்லாமல் என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறாள். இந்த ஒரு ரகசியத்தையாவது நானாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மன்னித்துவிடு என்று கேட்க வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

திவசத்துப் பேச்சு குப்பம் வரைக்கும் போய்விட்டது. ஒரு வாரத்தில் அஞ்சலை ஈரக் கூடையோடு வந்து நின்றாள். "என் புஸ்தகத்த குடு சார்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "உன் வூட்டுக்காரம்மா துட்டையே ஊரக்கூட்டி சொன்ன ஆளு நீ. எனுத எம்மாம் நாளு சொல்லாம இருப்ப?" என்றாள். "உன் புருஷன் கேட்டப்போ நான் சொல்லலியே" என்றேன். "அது அயலான் துட்டு சார், உனுக்கு இன்னா போச்சி? சொந்தத்துலதான ஆளு தெரியும்" என்றாள். எண்ணெய் மண்டிய அந்தப் புத்தகத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

இவ்வளவும் பட்ட பிறகும், நீ வேலைக்குச் சேர்ந்ததும் உன்னைப் பிடித்து என் ஆபீஸிலேயே கணக்கு ஆரம்பிக்க வைத்தேன். கணக்கு எண்ணிக்கை கூட வேண்டும் என்று மேலிடத்தில் நெருக்கியது ஒரு காரணம். உன் பாஸ்புக் என் பெட்டியில் இருந்தால் மனசுக்குத் தெம்பாக இருந்தது இன்னொரு காரணம். நீ ஒவ்வொரு மாதமும் போட்டுவிட்டுப் போன பிறகு அதை எடுத்துப் பார்ப்பேன். காவல் என்று நினைத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது, வேலியே மேய்கிற கதை என்று.

உன் பாஸ்புக் இந்தக் கவருக்குள் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு வா. முழுத் தொகைக்கும் பெரிய ஆபீஸிலிருந்து பணம் வரவழைக்க எனக்கு இரண்டு நாள் ஆகும், அதற்குள் வாங்கி வைத்துவிடுகிறேன். கணக்கை முடித்து, பணத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு எங்கேயாவது போடு. எந்த ஊர், பாங்கா தபால் ஆபீஸா, என்னிடம் சொல்லாதே. இங்கிருந்தே மாற்றல் எழுதிக் கொடுக்காதே, அந்தக் காகிதம் என் மேஜைக்கு வரும், நான் பார்ப்பேன். என்னை நானே நம்பாமல் சொல்கிறேன். புதுப் பாஸ்புக்கைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைக்காதே, எல்லாரும் முதலில் கை விடுகிற இடம் அதுதான். உன் ஆபீஸ் மேஜையில் பூட்டி வை. தொகை எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போடாதே, யார் கேட்டாலும், அழுது கேட்டாலும். உன் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய நானே அதை அச்சு அசலாகப் போடுவேன், அதனால் புதுக் கணக்குக்குக் கொஞ்சம் மாற்றிப் போடு.

புருஷனிடம் மறைத்துக் குடும்பம் நடத்து என்று சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீயாக ஒருவரிடம் சொல்வது வேறு, உன்னிடமிருந்து பிடுங்கித் தெரிந்துகொள்வது வேறு. சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் பைசாவரைக்கும் சொல். தோன்றாவிட்டால் பொய்க் கணக்குச் சொல்லாதே, பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற இன்னும் பத்துப் பொய் வேண்டும். 'அது என்னுது' என்று சொல்லு, போதும். எதற்கு என்று கேட்டால் உன் அம்மா சொன்ன பதில் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பையன் அப்பா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அது வெட்கமா, சம்மதமா, எனக்குத் தெரியவில்லை. அதை நீதான் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், கல்யாணத்துக்கு முன்னாலேயே. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் கருங்குழி போகிறேன். அது என் பணம் இல்லை, அதைச் சொன்னதே தப்பு, சீர்த்தட்டில் பாஸ்புக் வராது என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு வரப்போகிறேன். இதனால் கல்யாணம் நின்றுபோனாலும் போகலாம். ஊர் என்னைத்தான் ஏசும், ஏசட்டும். உனக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதுதான் இந்த மூன்று நாளும் என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டாவது முறையும் உன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. லாரி போன பிறகு உன் அம்மா இரண்டு வருஷம் மலைப் பக்கமே போகவில்லை. பிறகு மறுபடியும் போக ஆரம்பித்தாள். மலைக்குத்தானா, வழியில் எங்கே இறங்குகிறாள், கையில் கணக்கு இருக்கிறதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கழுகைப் பற்றிக் கேட்க அதன் பிறகு எனக்கு வாயும் வரவில்லை. இன்று காலை மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறுகிறாள் என்பது என் மேஜையிலிருந்து பார்த்தால் தெரியும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

சற்று முன்தான் திரும்பி வந்தாள். பிரசாதத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, "கழுகு வந்துதா?" என்று கேட்டேன். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"வந்துது" என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பணத்தை வாங்கிக்கொண்டு நீ எந்த பஸ் ஏறினாலும் எனக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போ கண்ணு. கோயிலுக்கு என்று சொல்லு, கடலைப் பார்க்க என்று சொல்லு. நான் நம்புகிறேன்.

உன் அப்பா